பெருந்தோட்ட மக்களும் பாதணியும்: தெல்தோட்டையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் உண்ட உணவும் உடுத்த உடையும் வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெற்ற அளவுக்கு அவன் காலில் அணிந்த பொருள் பெற்றதில்லை. மன்னரின் முடியைப் பற்றிய நூல்கள் பல உள. மாந்தரின் அடியைப் பற்றிய நூல்கள் அரியன. ஆயினும், ஒரு சமுதாயத்தில் எவர் பாதணி அணிந்தனர், எவர் அணியாதிருந்தனர், எவர் அதனைச் செய்தனர், எவர் அதனைத் துடைத்து எண்ணெயிட்டுப் பேணினர் என்னும் நான்கு வினாக்களை எழுப்புவோமாயின், அச்சமுதாயத்தின் உள்ளமைப்பு பெரிதும் தெளிவாகும். கண்டி மாநகருக்குத் தென்கிழக்கே மலைச்சரிவுகளில் அமைந்த தெல்தோட்டைப் பகுதியை முன்னிறுத்தி இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மர அடியும் தோல் மேற்பகுதியும் கொண்ட எளிய பாதணியே ஈண்டு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. அதனை ஆக்குதற்கு வேண்டிய மரமும், தோலும், கைவன்மையும் இப்பகுதியிற் கிட்டக்கூடியனவாயிருந்தும், தோட்டத் தொழிலாளரின் கால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வெறுங்காலாகவே இருந்தது ஏன் என்பதே நாம் விடைகாண முயலும் வினாவாகும்.

சொல் கூறும் வரலாறு

தமிழருக்குப் பாதணி புதியதன்று. சங்க இலக்கியங்களிலே தொடுதோல், செருப்பு என்னும் சொற்கள் பயில்கின்றன. பெரும்பாணாற்றுப்படை வணிகரின் பாதணியை அரணம் என்று சுட்டுகின்றது. கோட்டையையும் குறிக்கும் ஒரு சொல்லே காலுக்குக் காப்பாய் அமைந்த தோலையும் குறித்தமை சிந்திக்கத்தக்கது. மரத்தாலான அடியையுடையதைப் பாதக்குறடு என்றும், மிதியடி என்றும், வடமொழி வழியாகப் பாதுகை என்றும் வழங்கினர். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே பற்றிக்கொள்ளும் குமிழுடைய குறடு துறவியர்க்கும் பெரியோர்க்கும் உரியதாயிற்று. குறுக்கே தோல்வார் ஆணியடித்துப் பொருத்தப்பட்ட மிதியடியோ வீட்டிலும் கிணற்றடியிலும் அன்றாடம் பயன்பட்டது.

இலங்கையிலே இச்சொற்கள் மேலும் ஒரு செய்தியைத் தருகின்றன. தமிழின் செருப்பு என்னும் சொல் சிங்களத்திற் ‘செரெப்பு’ என நிலைபெற்றது. மூடிய பாதணியைக் குறிக்கும் சப்பாத்து என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கும் சிங்களத்துக்கும் வந்தது. திறந்த செருப்பு உள்நாட்டவருடையது, மூடிய சப்பாத்து ஐரோப்பியருடையது என்ற வேறுபாடு சொற்களிலேயே பதிந்துள்ளது. பிற்காலத்தில் இவ்வேறுபாடு அதிகாரத்தின் வேறுபாடாகவும் மாறிற்று.

கண்டியரசும் பாதணியும்

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியான தம் நூலிலே, சப்பாத்தும் காலுறையும் அரசனுக்கே உரிய அணிகளாதலால் ஏனையோர் அவற்றை அணிவதில்லை என்று குறிப்பிடுகின்றார். மலைநாட்டின் ஈரக்காடுகளில் அட்டைகள் கால்களைப் பற்றிக் குருதி குடிப்பதையும், எலுமிச்சையும் உப்பும் துணியிற் கட்டிய கோலாற் கால்களைத் தட்டி மக்கள் அவற்றை உதிர்ப்பதையும் அவரே விவரிக்கின்றார். இவ்விரு செய்திகளையும் இணைத்து நோக்குதல் வேண்டும். பாதத்துக்குக் காப்புத் தேவைப்பட்ட நாடு அது. தேவை இருந்தும் காப்பு விலக்கப்பட்டிருந்தது. பாதணி அணிதல் வசதியைச் சார்ந்த செயலாக அன்றி, தகுதியைச் சார்ந்த செயலாகவே கருதப்பட்டது. 1815 இல் கண்டியரசு பிரித்தானியர் வசமானபோது இவ்விலக்கின் அரசியல் அடிப்படை மறைந்தது. ஆயின், பாதணியைத் தகுதியோடு பிணைக்கும் எண்ணம் மறையவில்லை. வேறோர் இடத்திலிருந்து வந்த வேறோர் எண்ணத்தோடு அது இணைந்துகொண்டது. அதனைக் காணுமுன், நாம் அளவுகோலாகக் கொண்ட பாதணியின் இயல்பை அறிதல் நன்று.

மரமும் தோலும்: பேணும் முறை

மர அடியும் தோலும் இணைந்த பாதணி எளிமையானது போலத் தோன்றினும், இயல்பில் முரண்பட்ட இரு பொருள்களின் சேர்க்கையாகும். மரம் நீரை உறிஞ்சி விரியும். உலர்ந்தால் சுருங்கிப் பிளக்கும். தோல் நனைந்தால் மென்மையுறும். விரைவில் உலர்த்தினால் விறைத்து வெடிக்கும். இரண்டையும் இணைப்பது ஆணி. அவ்வாணி இரும்பாயின், ஈரத்தினால் துருவேறும். மரப்பட்டையாற் பதனிடப்பட்ட தோலிலுள்ள துவர்ப்பொருளோடு இரும்பு சேர்ந்து ஆணியைச் சுற்றிய தோலைக் கறுப்பாக்கும். நாளடைவில் அவ்விடமே இற்றுப்போகும். எனவே இத்தகைய பாதணி பெரும்பாலும் அடியிலோ மேலிலோ அழிவதில்லை. இரண்டும் சந்திக்கும் விளிம்பிலேயே அழிகின்றது.

இதனாற் பேணும் முறையும் அவ்விளிம்பை நோக்கியதாகவே அமைந்தது. சேற்றை அது காயுமுன் துடைத்தல், அடுப்பருகே வைக்காது நிழலிலே காற்றாட உலர்த்தல், உலர்ந்தபின் தோலுக்கு ஆமணக்கெண்ணெயோ கொழுப்போ பூசி இழந்த நெய்ப்பை மீட்டல், மர அடிக்கும் எண்ணெயிட்டு நீர் புகாது தடுத்தல், தளர்ந்த ஆணியைப் பழைய துளையில் மீண்டும் அடிக்காது சற்று விலக்கி அடித்தல், அடியின் விளிம்பு தேயுமுன் அதற்குக் காப்பிடுதல் என்பன அதன் கூறுகளாகும். நெருப்பருகே தோல் கெடுவதற்குக் காரணமுண்டு. ஈரமாயிருக்கும் தோலின் புரத இழைகள் சூட்டினால் சுருங்கிவிடும்; சுருங்கிய இழை மீள்வதில்லை. தெல்தோட்டை போன்ற மலைப்பகுதியிலே இவற்றோடு பூஞ்சணமும் சேர்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் சில நாள்கள் கவனியாது விட்ட தோலின்மீது வெண்பூஞ்சணம் படர்வதை இங்கு வாழ்வோர் நன்கறிவர்.

இப்பேணுகைக்கு அரும்பொருள் எதுவும் வேண்டியதில்லை. வேண்டியவை எண்ணெய், துணி, ஆணி, சிறிது நேரம் ஆகியனவே. இதனை மனத்திற் கொண்டு, இவ்வகைப் பாதணி உழைப்பாளரின் உடைமையாய் விளங்கிய ஒரு நாட்டை நோக்குவோம்.

லங்காஷயர்த் தொழிலாளரின் கால்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடபகுதியிலே, சிறப்பாக லங்காஷயர்ப் பருத்தி ஆலைகளிலே, ஆணும் பெண்ணும் சிறுவரும் மர அடியும் தோல் மேற்பகுதியும் கொண்ட பாதணிகளையே அணிந்தனர். ஆலைத் தளங்கள் ஈரமானவை. முழுத்தோற் சப்பாத்தோ விலை மிக்கது. ஓல்டர் போன்ற, ஈரத்தைத் தாங்கவல்ல மரங்களிலிருந்து அடி செதுக்கப்பட்டது. அடியின் கீழே குதிரை இலாடம் போன்ற இரும்பு வளையங்கள் அறையப்பட்டன. வளையம் தேய்ந்ததும் அதனை மாற்றிக்கொண்டால் மர அடி நெடுநாள் உழைக்கும். இதற்கெனவே தெருக்கள்தோறும் கைவினைஞர் இருந்தனர்.

அத்தொழிலாளர் வளமாக வாழ்ந்தனர் என்று எவரும் கூறார். நீண்ட வேலைநேரமும் குறைந்த கூலியும் நெருக்கடியான இருப்பிடமுமே அவர்தம் வாழ்க்கை. எனினும் வறியவருக்கும் ஏற்றதொரு பாதணி அங்கு உருவாயிற்று. அதனை அணிதல் எவரையும் அவமதிப்பதாகக் கொள்ளப்படவில்லை. ஆகவே, வறுமை ஒன்றே வெறுங்காலுக்குக் காரணமென்று கொள்ளுதல் பொருந்தாது. அவ்வாலைத் தொழிலாளர் அன்றாடம் அருந்திய பானமாகிய தேநீரின் வழியாகத் தெல்தோட்டைக்கு மீள்வோம்.

தோட்டங்களின் தோற்றமும் வெறுங்காலும்

1820 களிலிருந்து மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், காட்டு வழியே நூற்றுக்கு மேற்பட்ட மைல்களை நடந்து மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். மலையகத் தமிழரின் வரலாறு வெறுங்கால்களால் நடந்த ஒரு வழியில் தொடங்குகின்றது என்பது அணியுரையன்று, நிகழ்ந்த உண்மையாகும்.

தெல்தோட்டைப் பகுதியைச் சேர்ந்த லூல்கந்துரைத் தோட்டத்திலே, 1852 இல் இலங்கைக்கு வந்த ஸ்கொட்லாந்தினரான ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1873 இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. சிறிதாகத் தொடங்கிய அவ்வேற்றுமதி பின்னர் நாட்டின் பொருளாதாரத்தையே தாங்கியது.

தோட்ட நிருவாகம் தொழிலாளரின் உடலைப் பற்றி முற்றிலும் கவலையற்றிருக்கவில்லை. மலைக்குளிரும் மழையும் வேலையைத் தடுக்காதிருத்தற்பொருட்டுக் கம்பளிகள் வழங்கப்பட்டு, அவற்றின் விலை தொழிலாளரின் கணக்கிற் பற்று வைக்கப்பட்டது. அரிசியும் அவ்வாறே வழங்கப்பட்டது. உடலுக்குக் கம்பளி வழங்கிய கணக்கேடு காலுக்கென எதனையும் வழக்கமாக வழங்கவில்லை. கடனும் துண்டு முறையும் தொழிலாளரைக் கங்காணியோடும் தோட்டத்தோடும் பிணைத்திருந்த காலமது. துண்டு முறை 1921 இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்நிலையில், நிருவாகம் தராத ஒன்றைத் தொழிலாளர் தாமே தேடிக்கொள்வது எளிதாயிருக்கவில்லை.

ஈண்டு ஒரு மறுப்பு எழக்கூடும். செங்குத்தான சரிவிலே வளையாத மர அடி வழுக்கும். வெறுங்காலின் விரல்களே நிலத்தை நன்கு பற்றும். ஆதலால் தொழிலாளர் வெறுங்காலை விரும்பியிருக்கலாமன்றோ என்பது அது. மலைகளில் வேலை செய்த நேரத்தைப் பொறுத்தவரை இம்மறுப்பில் உண்மையுண்டு. ஆயின், தொழிலாளரின் நாள் முழுவதும் தேயிலைச் சரிவிலே கழியவில்லை. லயங்களின் முற்றம், நீர்ப்பீலியடி, மலங்கழிக்கச் செல்லும் ஒதுக்கிடம், மாட்டுத் தொழுவம், தொழிற்சாலைத் தளம் என்பன ஈரமான சமதரைகள். மர அடிப் பாதணி உருவானதே இத்தகைய இடங்களுக்காக. அதனை அறிதற்குத் தோட்டத்தவர் லங்காஷயருக்குச் செல்லவேண்டியதில்லை. அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவரை (1866–1918) தமிழுலகுக்குத் தந்த போப்பிட்டியை உள்ளடக்கிய தெல்தோட்டைப் பகுதி, தமிழ் பேசும் முஸ்லிம்கள் நெடுங்காலம் வாழும் இடமாகும். தொழுகைக்குமுன் கைகால் கழுவியோர் ஈரப் பாதத்தில் அழுக்குப் படாது நடத்தற்கு வார் பூட்டிய மர மிதியடியைப் பயன்படுத்தும் வழக்கம் அச்சமுதாயத்தில் உண்டு. ஆகவே, மிதியடி என்ற கருத்து இச்சூழலுக்கு அந்நியமானதன்று. காட்டை வெட்டியவர் தொழிலாளர். எனவே மரம் இருந்தது. குடிபெயர்ந்து வந்தோருள் தோற்றொழிலைப் பரம்பரையாகக் கொண்டோரும் இருந்தனர். எனவே கைவன்மையும் இருந்தது.

நிலத்தடியிலிருந்து வந்த பகை

வெறுங்காலின் விலை அட்டைக்கடியோடும் சேற்றுப்புண்ணோடும் முடியவில்லை. கொழுக்கிப்புழுவின் இளம்புழு, மலங்கலந்த ஈரமண்ணிலே வளர்ந்து, பாதத்தின் மெல்லிய தோலைத் துளைத்து உடலிற் புகுகின்றது என்ற கருத்தைக் கெய்ரோவிற் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர் ஆர்தர் லூஸ் 1898 இல் வெளியிட்டார். பின்னர் நடத்திய ஆய்வுகளால் அதனை நிலைநாட்டினார். குருதி வழியே நுரையீரலை அடைந்து, அங்கிருந்து தொண்டை வழியாகச் சிறுகுடலைச் சென்றடையும் புழு, குடற்சுவரைப் பற்றிக் குருதியை உறிஞ்சுகின்றது. நாளடைவிற் சோகையும் சோர்வும் வீக்கமும் தோன்றுகின்றன. கருவுற்ற பெண்களுக்கு இது பேராபத்தாகும்.

1912 இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதிகள் தொடர்பான கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1916 இல் றொக்பெலர் நிறுவனத்தின் துணையுடன் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பாலானோர் இந்நோய்க்கு ஆளாகியிருந்தமை வெளிப்பட்டது. சோம்பலென்று துரைமாராற் பழிக்கப்பட்டது பல வேளைகளிற் குருதியின்மையே என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினும், அதே மண்ணில் அதே வெறுங்கால் மீண்டும் பதியும்போது நோய் மீண்டது. மலசலகூடங்களே நிலையான தீர்வு என மருத்துவர் வற்புறுத்த, செலவைக் கருதித் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கினர். மலசலகூடம் இல்லாத ஒதுக்கிடத்துக்கு மர அடி மிதியடியோடு சென்றிருப்பினும் புழுவுக்கும் பாதத்துக்கும் இடையே ஓர் அங்குல மரமேனும் நின்றிருக்கும். முற்றான தீர்வாக அது அமைந்திராது எனினும், மண் பாதத்தைத் தொடும் வேளைகளை அது குறைத்திருக்கும்.

மரியாதை என்னும் தடை

அங்ஙனமாயின் தடை எது? விடையைத் தொழிலாளர் புறப்பட்ட ஊர்களிலேயே முதலிற் காணலாம். 1930 திசெம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்திற் கள்ளர் வகுப்பினர் ஆதிதிராவிடர்மீது எட்டு விலக்குகளை விதித்தனர். நகை, உடை, முடி, பாத்திரம் ஆகியவற்றைப் பற்றிய விலக்குகளோடு, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடித்தலும் செருப்பு அணிதலும் கூடாது என்பதும் எட்டாவது விலக்காக அமைந்தது. ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதியமைப்பைப் பற்றி 1946 இல் வெளியிட்ட நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். இருபதாம் நூற்றாண்டிலே எழுத்துருப்பெற்ற இவ்விலக்கு, அதற்கு முன்பு நெடுங்காலம் எழுதப்படாமலே நிலவிய வழக்கின் வெளிப்பாடேயாகும்.

தோட்டங்களுக்கு வந்தோருள் ஒடுக்கப்பட்ட சாதியினரே பெரும்பான்மையினர். கங்காணிமாரோ பெரும்பாலும் அவர்களிலும் உயர்ந்தோராகக் கருதப்பட்ட சாதியினர். தோட்டவாழ்விலும் சாதி தொடர்ந்து நிலவியமையை, மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து 1975 இல் ஆர். ஜெயராமன் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டுகின்றது. ஊரின் வழக்கோடு தோட்டத்தின் அதிகாரமும் சேர்ந்தது. துரையின் எதிரே குடையை மடக்கி, தலைத்துணியைக் களைந்து, செருப்பிருப்பின் அதனையும் கழற்றி நிற்பதே மரியாதை எனக் கொள்ளப்பட்டது. அரசனுக்கு மட்டுமே சப்பாத்து என்றிருந்த பழைய கண்டிய மரபின் இடத்தில், துரைக்கு மட்டுமே சப்பாத்து என்ற புதிய மரபு எழுந்தது.

அத்துரையின் சப்பாத்தைப் பேணியவர் எவர்? பங்களா வேலையாளாகிய தொழிலாளியின் மகனே. சேற்றைத் துடைத்தவன், நிழலில் உலர்த்தியவன், மெழுகும் எண்ணெயும் இட்டு மழைக்காலப் பூஞ்சணத்திலிருந்து அதனைக் காத்தவன் அவனே. தோலின் இயல்பை அவன் கை அறிந்திருந்தது. அவன் கால் அறியவில்லை. பாதணியைப் பேணும் அறிவு தோட்டத்தில் இல்லாதிருக்கவில்லை என்பதும், அவ்வறிவைத் தன் உடலுக்குப் பயன்படுத்தும் உரிமையே இல்லாதிருந்தது என்பதும் இதனாற் பெறப்படும்.

கண்டி நகரிலுள்ள மகியாவை இம்முரண்பாட்டை ஓரிடத்தில் வைத்துக் காட்டுகின்றது. 1892 இல் மறைந்த ஜேம்ஸ் டெயிலரின் உடல் லூல்கந்துரையிலிருந்து தொழிலாளராற் சுமந்துவரப்பட்டு அங்குள்ள மயானத்திலே அடக்கம் செய்யப்பட்டது. அதே மகியாவையில்தான், நகரின் துப்புரவுப் பணிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். தோற்றொழிலைப் பரம்பரையாகக் கொண்டிருந்த சாதியினரும் அவர்களுள் அடங்குவர். அவர்தம் கைத்திறனுக்கு நகரம் இடமளிக்கவில்லை. அவர்தம் கைகளில் துடைப்பத்தையே அளித்தது.

பின்வந்த மாற்றம்

வெறுங்கால் நிலையை மாற்றியது சட்டமும் அன்று, நிருவாகத்தின் கருணையும் அன்று. 1930 களின் பிற்பகுதியிலிருந்து தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் வேரூன்றியபோது துரையின் எதிரே நிமிர்ந்து நிற்கும் பழக்கம் தோன்றியது. அதன்பின் மலிவான இறப்பர்ச் செருப்பு கடைகளுக்கு வந்தது. மக்கள் அதனை அந்நிறுவனத்தின் பெயராலேயே ‘பாட்டா’ என்றழைத்தனர். 1876 இல் ஹெனரத்கொடையில் நடப்பட்ட இறப்பர்க் கன்றுகளிலிருந்து பெருகிய மற்றொரு தோட்டத்துறையின் விளைபொருளே, தோட்டத் தொழிலாளரின் முதற் பரவலான பாதணியாயிற்று என்பது வரலாற்றின் சுவையான ஒரு திருப்பமாகும். இறப்பருக்கு எண்ணெய் வேண்டா, நிழலுலர்த்தல் வேண்டா, ஆணியும் வேண்டா. பேணுதற்குரிய நேரமும் உரிமையும் இல்லாதிருந்தோர்க்குப் பேணவேண்டாத பாதணி ஏற்றதாயிற்று.

அடுத்த மாற்றம் பள்ளிக்கூடத்தால் வந்தது. வெள்ளைச் சப்பாத்து அணிந்து வகுப்பறைக்குச் செல்லும் தோட்டத்துப் பிள்ளையின் உருவம் இரண்டு தலைமுறைக்கு முன் எண்ணிப்பார்க்கவும் இயலாதது. பின்தங்கிய பாடசாலைகளின் மாணவர்க்குச் சப்பாத்து வாங்குதற்கு அரசு அண்மைக்காலத்தில் வவுச்சர் வழங்கியமை, பாதணி கல்வியுரிமையின் ஒரு கூறாகவே ஏற்கப்பட்டுள்ளதைக் காட்டும். ஆயினும் கொழுந்து மலைகளில் இன்றும் வெறுங்காலுடனோ மெல்லிய இறப்பர்ச் செருப்புடனோ வேலை செய்யும் பெண்கள் பலர் உளர். சரிவிற்கேற்ற அடியும் நீர் புகாத மேற்பகுதியும் உடைய பாதணி அவர்களுக்கு வேலைக் கருவியாகவே வழங்கப்படல் வேண்டும். கொழுந்துக் கூடைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் உள்ள இடம் அதற்கும் உரியது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகின்றது. தெல்தோட்டையின் தொழிலாளர் வெறுங்காலுடன் நடந்தமைக்கு மரமின்மையோ, தோலின்மையோ, கைவன்மையின்மையோ, பேணும் அறிவின்மையோ முதற்காரணமன்று. வறுமை ஒரு காரணமாயினும் முழுக்காரணமன்று. எவர் காலுக்குக் காப்பு உரியது என்று ஊரும் தோட்டமும் வகுத்திருந்த வரையறையே அதன் தலையாய காரணமாகும். அவ்வரையறையின் விலை குருதியாகவே செலுத்தப்பட்டது. தோட்டங்களின் வரலாற்றை ஏக்கரிலும் இறாத்தலிலும் எழுதப் பழகிய நாம், அம்மண்ணில் நடந்த பாதங்களைக் கொண்டும் அதனை எழுதத் தொடங்குதல் வேண்டும். முதியோர் நினைவுகளும் பழைய தோட்டக் கணக்கேடுகளும் மருத்துவமனைப் பதிவுகளும் அழிந்தொழியுமுன் அவற்றைத் திரட்டும் பணி, கண்டிக்கு அண்மையிலே கற்கும் மாணவரையும் கற்பிக்கும் ஆசிரியரையும் எதிர்நோக்கி நிற்கின்றது.